மூணு தரம்

தடைக்காலத்தின் முப்பத்தெட்டாம் நாள்.
உப்பனாற்றில் விசைப்படகுகள்
தோளோடு தோள் உரசிக் கிடந்தன.
டீசல் பங்க்கில் எனக்கு வேலை
மீட்டரில் தூசி தட்டுவது.

ஐஸ் ஃபேக்டரி நிழலில்
கவிழ்த்த மீன்பெட்டிமேல் செஸ் பலகை.
கறுப்புக் குதிரை ஒன்று
போன வருஷமே தொலைந்துபோய்
அதன் இடத்தில் ஒரு கலர் பாட்டில் மூடி.

துறைமுகத்தில் என்னை ஜெயித்தவர் இல்லை என்று
நானேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வந்து உட்கார்ந்தாள் அஞ்சலாட்சி.
சோனாங்குப்பம். மீன் ஏலம் விடுகிறவள்.
ஐம்பது நாளாய்க் கத்தாத தொண்டையில்
குரல் துருப்பிடித்திருந்தது.
"கறுப்பு எனக்கு" என்றாள்.
"வெலைய மொதல்ல சொல்றவன்
பாதி தோத்தவன்."

"முப்பத்தெட்டு நாள்தான்" என்றேன்.
"எங்களுக்கு அம்பது" என்றாள்.
அதற்குமேல் பேச்சில்லை.

நாலாவது ஆட்டத்தில்
என் குதிரை அவள் கோட்டை வாசலில் நின்றது,
பின்னால் மந்திரி பார்த்துக்கொண்டிருக்க.
இந்த இடத்தில் யாரும்
நடுச்சிப்பாயைத் தள்ளி வழி மறிப்பார்கள்.
கலியமூர்த்தி மறிப்பான். இருசப்பன் மறிப்பான்.
இவள் அதைக் கவனிக்காதவள்போல்
தன் மந்திரியை வெளியே அனுப்பினாள்.

பாய்ந்தேன்.
ஒரே குதிரை, ஒரு பக்கம் ராணி, மறுபக்கம் யானை.
சுற்றி நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள்,
அவளுக்காக.

அவள் மந்திரியை என் ராஜாவின் மடியில் கொண்டுவந்து
போட்டாள்.
சும்மா.
எடுத்தேன்.
அவள் குதிரை நடுவில் என் சிப்பாயைத் தின்று நின்றது.
அதையும் விரட்டலாம் என்று
ராஜாவையே நடக்கவிட்டேன்,
பனியனோடு தெருவுக்கு வந்த மனுஷன் மாதிரி.
அவள் ராணி மெல்ல ஓரத்துக்குப் போனாள்.

அப்போதுதான் மூலையில் அந்த யானை.
காவலில்லை. விலை கேட்க ஆளில்லை.
வெறும் யானை.
கை தானாகப் போனது.

மேற்கே திரும்பிய காற்றில்
சிப்காட்டு நெடி.
யாரோ மூக்கைப் பொத்தினார்கள்.
அவள் பொத்தவில்லை.

ராணி எதிரே வந்து நின்றாள்.
ஒரு தரம்.
பின்வாங்கினேன். முதுகுப்பக்கம் வந்தாள்.
இரண்டு தரம்.
அவள் வாயைத் திறக்கவே இல்லை,
எனக்கு மட்டும் கேட்டது.
பக்கத்துக் கட்டத்துக்கு நகர்ந்தேன்.
பாட்டில் மூடி தாவியது.
மூணு தரம்.

ராஜாவுக்கு ஒரே ஒரு கட்டம் மிச்சம்:
நடுவில் அவள் குதிரை நிற்கும் கட்டம்.
அதைக் கொன்றுவிட்டு அங்கே ஏறினேன்.
கையில் ஒரு யானை, ஒரு மந்திரி, ஒரு குதிரை, ஒரு சிப்பாய்.
இவ்வளவு சரக்கு என்றைக்கும் சேர்த்ததில்லை.

ராணி இரண்டு கட்டம் பின்னால் போனாள்.
அவ்வளவுதான்.

ஆடி முடித்தபோது
என் ராணி இருந்த இடத்திலேயே இருந்தாள்.
என் யானைகள் இரண்டும் தூக்கத்தில்.
தூரத்து மூலையில் என் குதிரை,
தெரியாத கல்யாணத்தில்
சாப்பிட உட்கார்ந்துவிட்டவன்போல்.

எங்கே கற்றாய் என்றேன்.
"மவன் போன்ல. ராவுல தூக்கம் வராதப்ப."
எழுந்து புடவையில் ஒட்டிய செதிலைத் தட்டினாள்.
இந்த மாதத்தில் ஏது செதில்?
பழக்கத்தில் தட்டியிருப்பாள்.

ராத்திரி பங்க்கில் ஷட்டரை இறக்கிவிட்டு
தனியாக அடுக்கிப் பார்த்தேன்.
எல்லாம் தெரிந்தும்
எட்டாவது ஆட்டத்தில்
என் கை
அந்த யானைக்கேதான் போகிறது.